செயலாளரின் 2025 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவையினரே, வந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம்.

பொங்கல் விழா, தைப்பூசத் தண்ணீர்ப்பந்தல், பள்ளிப் பிள்ளைகளுக்குப் புத்தகப்பை, தீபாவளி உபசரிப்பு எல்லாம் வழக்கம்போல் நடந்தன. கபடிப் போட்டி மழையால் நின்றது.

இந்த ஆண்டின் புதிய பணி, வெளிநாட்டிலிருந்து வந்து பெருகிவிட்ட மீன், நத்தைகளைச் சமைக்கும் பயிற்சி. "சங்கத்துக்கு இது எதற்கு?" என்று வெளியே பேசினார்கள், ஆகவே விளக்குகிறேன். மலேசியாவின் சிலாங்கூரில், பெஸ்தாரி ஜெயாவில் தூண்டில் போடும் நம்மவர்களுக்கு மாட்டுவது கெலி என்னும் ஆப்பிரிக்கக் கெளுத்தி, திலாப்பியா, பண்டாராயா. திலாப்பியா ஜப்பானியர் காலத்தில் ஜாவாவிலிருந்து வந்தது; பெரியவர்கள் ஜப்பான் மீன் என்பார்கள். பண்டாராயா தென் அமெரிக்க மீன். தொட்டியில் பாசி தின்ன வாங்கி, பெரிதானதும் ஆற்றில் விட்டார்கள். அது கரையில் வளை தோண்டி முட்டையிடுவதால் மண் சரிகிறது. பிடித்ததைத் திரும்ப விடுவதும் கரையில் போட்டு அழுகவிடுவதும் தவறு. அதற்காகத்தான் இந்தப் பயிற்சி.

பண்டாராயா தண்ணீருக்கு வெளியே நெடுநேரம் உயிரோடு இருக்கும். அதனால் முதலில் பனிக்கட்டியில் புதைக்க வேண்டும். முதுகுமுள்ளும் பக்கமுள்ளும் விறைத்து நிற்கும், தடித்த கையுறை அவசியம். முதுகுக் கவசத்தில் கத்தி வழுக்கும். வயிற்றுப் பக்கம் மெத்தென்றிருக்கும். அங்கே கத்தரியை வைத்து இரு ஓரமும் வெட்டிக் குடலை முழுதாக எடுக்க வேண்டும். குடல் மிக நீளம், சுருண்டிருக்கும். கிழிந்தால் சதை முழுக்கச் சேற்று நாற்றம். பிறகு கரியடுப்பில் கவசத்தோடு சுட்டால் ஓடு தானாகக் கழலும். தலையும் கவசமும் போக மிஞ்சுவது கொஞ்சம்தான், ஆனால் சதை கெட்டியானது. அதை உதிர்த்து மஞ்சள், சோம்பு, பச்சைமிளகாய், நிறைய வெங்காயம் சேர்த்துச் சுறாப்புட்டு போலக் கிளறியதுதான் பயிற்சி நாளன்று முதலில் தீர்ந்தது.

கெலிக்கு வழுவழுப்பு போக உப்பும் புளியும் தேய்க்க வேண்டும். மண்வாடைக்குக் காரணம் நீலப்பச்சைப் பாசி உண்டாக்கும் ஒரு பொருள். புளிப்பு அதைக் குறைக்கும். வெட்டுமுன் சில நாள் உயிரோடு நல்ல தண்ணீரில் விட்டால் இன்னும் நல்லது.

தஞ்சோங் காராங் நெல்வயல்களில் நாற்றைத் தின்னும் கொண்டாங் நத்தையில் கவனம் கூடுதலாக வேண்டும். மருந்து தெளித்த வயலில் பொறுக்கவே கூடாது. நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று நாள் வைத்து, தண்ணீர் மாற்றி மாற்றிச் சுத்தம் செய்து, கொதிநீரில் பத்து நிமிடத்துக்குக் குறையாமல் வேகவைக்க வேண்டும். அரைவேக்காட்டில் தின்றால், நத்தையில் இருக்கக்கூடிய எலி நுரையீரல் புழு என்ற ஒட்டுண்ணி மூளையைத் தாக்கும். பாதச்சதை மட்டுமே உணவு. குடலையும் முட்டைப்பையையும் எறிய வேண்டும். செடித்தண்டில் ஒட்டியிருக்கும் இளஞ்சிவப்பு முட்டை நஞ்சு.

பழைய வெள்ளீயச் சுரங்கக் குட்டை, நகரச் சாக்கடை, களைக்கொல்லி ஓடும் செம்பனை (எண்ணெய்ப்பனை)த் தோட்டக் கால்வாய் மீனைப் பயிற்சியில் அனுமதிக்கவில்லை. அடிச்சேற்றை மேயும் பண்டாராயாவில் உலோகம் சேரும். காசு கிடைக்கிறதே என்று இவற்றை வளர்க்கத் தொடங்கினால் நோக்கமே கெடும் என்பதால் விற்பனைக்கும் நான் சம்மதிக்கவில்லை.

சாப்பிட வந்தவர்கள் பலர். வெட்டவும் கழுவவும் நின்றவர்கள் அதே சில அம்மாக்களும் இரண்டு தம்பிகளும்தான். சந்தா பாக்கி வைத்திருப்பவர்களும் தட்டோடு வந்தார்கள். யாரையும் திருப்பி அனுப்பவில்லை, ஆனால் கையுறையும் கத்தரியும் கட்டிய சந்தாவில்தான் வாங்கப்பட்டன.

வரவு செலவு ஏறக்குறைய சரியாக உள்ளது, கையிருப்பு சிறிது. விவரம் பொருளாளரிடம். மண்டபம் தந்தவர்களுக்கும், கரி கொடுத்த கடைக்காரருக்கும், தலைவருக்கும் நன்றி.

பொதுக்கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்கு ஆண்டுக் கணக்கு போக வேண்டும். அதற்குள் பாக்கிச் சந்தா வந்தால் அடுத்த ஆண்டு பெரிய கரியடுப்பு வாங்கலாம். செயலாளர் பொறுப்பை ஏற்க முன்வருபவர் இருந்தால் மகிழ்வேன்; இல்லையென்றால் மீன் வெட்டும் நாளில் காலை ஏழு மணிக்கே வந்து நிற்கும் பத்துப் பேரின் பெயரை இன்றே எழுதித் தாருங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்