நாலரை அடித் திரை

பொம்மலாட்டக் கலை அமைப்பை நடத்தும் தலைவர், செயலாளர், திட்ட அலுவலர்கள், அலுவலகத்தில் வேலை பார்க்கும் தம்பி தங்கைகள் எல்லாருக்கும் வணக்கம்.

நான் குடியாத்தத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். கூத்து ஜமாக்களுக்கு, அதாவது தெருக்கூத்துக் குழுக்களுக்கு, உடுப்பு தைப்பது எங்கள் அப்பா காலத்து வேலை. பங்குனி பிறந்தால் மிஷினை விட்டு எழுந்திருக்க முடியாது. வைகாசி ஒன்றாம் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வரும் வாரம் கேட்கவே வேண்டாம். நாலு வருடமாக உங்கள் பொம்மைகளுக்கும் நான்தான் தைக்கிறேன். உங்களில் பாதிப் பேருக்கு என் குரல் தெரியும், முகம் தெரியாது. "டெய்லர் அண்ணா, அர்ஜென்ட்" என்ற அளவில்தான் நம் பழக்கம்.

போன மார்ச் 21, உலகப் பொம்மலாட்ட நாளுக்கு, வேலூரில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் ஆட்டம் வைத்தீர்கள். கறுப்புத் திரை இரண்டு வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் அளவு வந்தது. கீழ்த் திரை உயரம் நாலரை அடி. வெட்டினேன், தைத்தேன், கொடுத்தனுப்பினேன். யார் எடுத்த அளவு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது என் தப்பு, முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

ஆட்டத்தை முன்னால் உட்கார்ந்து மட்டுமே பார்த்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆட்டுகிறவர் தலையில் ஓர் இரும்பு வளையம். பொம்மையின் கயிறுகள் அதில்தான் கட்டியிருக்கும், அதனால் பொம்மையின் பாரம் முழுக்க மண்டையில் இறங்கும். இரண்டு கையிலும் கம்பி, பொம்மையின் கைகளை அசைக்க. அவர் கழுத்தைச் சாய்த்தால் பொம்மை சாயும், அவர் அடவு வைத்தால் பொம்மை அடவு வைக்கும். சலங்கை கட்டியிருப்பதும் அவர் காலில்தான். மேல் திரை அவர் முகத்தை மறைக்கும், கீழ்த் திரை காலை மறைக்கும். நடு இடைவெளியில் குனிந்து, கையைத் திரைக்கு முன்னால் தொங்கவிட்டு ஆட்டுவார். அப்படியென்றால் கீழ்த் திரை அவர் இடுப்புக்கு மேல் போகவே கூடாது. பிறகு கை எங்கே இறங்கும்?

நாலரை அடி என்பது பொம்மலாட்டப் பொம்மைகளில் மிகப் பெரியதன் உயரம். பத்துக் கிலோ கனம் என்றும் சேர்த்தே எல்லாக் குறிப்புகளிலும் எழுதியிருப்பார்கள். உங்கள் ஆள் அதைத் திரைக்கு எழுதி அனுப்பிவிட்டார். அன்றைக்கு ஆட்டின பெரியவரின் பொம்மைகள் மூன்றடிக்குக் கொஞ்சம் கூட. பெரியவரே ஐந்தடி இரண்டு அங்குலம்தான். திரையைக் கட்டினதும் அவர் கழுத்தில் வந்து நின்றது.

"இன்னா தம்பி, மாடு தாண்டாம இருக்க வேலி தைக்கச் சொன்னாங்களா?" என்றார் என்னைப் பார்த்து. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்கு மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

வெட்டிச் சுருக்க நேரமில்லை, விருந்தினர் வந்து உட்கார்ந்துவிட்டார். ஆறாம் வகுப்பிலிருந்து இரண்டு பெஞ்சுகளை இழுத்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்று ஆட்டினார். ஓரடி அகலப் பலகை. தலையில் வளையம், அதில் பொம்மை, வயது அறுபத்தெட்டு. கால் வைக்க இடமில்லை. மிருதங்கக்காரர் அடவுக்கு வாசித்துவிட்டு, சலங்கைச் சத்தம் வரவில்லையே என்று திரும்பிப் பார்த்தார். பொம்மை அன்றைக்கு ஆடவில்லை, அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நகர்ந்தது. பிள்ளைகளுக்கு வித்தியாசம் தெரியாது, கைதட்டினார்கள். மேடையில் உட்கார்ந்திருந்த உங்களுக்கும் தெரியவில்லை என்பதுதான் எனக்கு உறைத்தது.

அன்றைக்கு ஆளுக்கொன்றாகக் கொடுத்த மடிப்புத் தாளை எடுத்து வந்தேன். உள்ளே உங்கள் அமைப்பில் இருப்பவர்கள் பட்டியல். நிறுவனர், இயக்குநர், திட்ட மேலாளர், நிதி, ஆவணம், சமூக ஊடகம் என்று பதினொரு பேர், போட்டோவோடு. கடைசி வரி: "மற்றும் பாரம்பரியக் கலைஞர்கள்." அந்த 'மற்றும்' என்ற சொல்லுக்குள்ளே ஐந்து பேர் பெயரில்லாமல் நிற்கிறார்கள். பொம்மைகளின் பெயரெல்லாம் ஒழுங்காகப் போட்டிருந்தீர்கள்.

ஒருங்கிணைப்பாளர் தேவை என்று நீங்கள் போட்ட விளம்பரத்தையும் பார்த்தேன். பட்டப்படிப்பு, ஆங்கிலம், கணினி. பெரியவர் படித்தது ஐந்தாவது. கீழ்த் திரை எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும், உங்கள் அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. இதை நக்கலாகச் சொல்லவில்லை. அந்த வெயிலில் மோர் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடின அலுவலகப் பெண்ணை நான் பார்த்தேன், உண்மையாக உழைக்கிற பிள்ளை. அந்தப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்க ஆட்டம் தெரிந்த ஒருவர் பக்கத்து நாற்காலியில் இல்லை, அவ்வளவுதான்.

ஆம்பூரில் இவ்வளவு தோல் இருக்கே, தோல்பாவை மலிவாகச் செய்யலாமே என்று போன வருடம் உங்களில் ஒருவர் என்னிடம் கேட்டார். ஷூவுக்குப் பதனிட்ட தோலில் வெளிச்சம் புகாது. பாவைக்கு வேண்டியது மயிர் நீக்கி, சுரண்டி, விளக்குக்கு முன்னால் பிடித்தால் நிறம் தெரிகிற, பதனிடாத பச்சைத் தோல். இதையும் ஒரு தையல்காரன்தானா சொல்ல வேண்டும்?

எங்கள் பக்கத்துக் கூத்து ஜமாவில் வாத்தியார்தான் தலைவர். வெற்றிலை பாக்கு வாங்கி ஆட்டத்தை ஒப்புக்கொள்வதும் அவர், அன்றைக்கு ராத்திரி துரியோதனன் வேஷம் கட்டுவதும் அவர். ஜமாவில் சண்டை இல்லாமலில்லை, பணம் பிரிக்கும்போது கெட்ட வார்த்தையே பறக்கும். ஆனால் வேஷம் கட்டத் தெரியாத ஒருவர் வேஷக்காரனுக்கு அளவு சொன்னதை நான் பார்த்ததில்லை.

நான் கேட்பது இதுதான். ஆட்டுகிறவர்களில் ஒருவரை, இந்தப் பெரியவரையோ அவருடைய தங்கை மகனையோ, மாதச் சம்பளத்தில் வையுங்கள். 'ஒவ்வோர் ஆட்டத்துக்கும் இவ்வளவு' என்று வேண்டாம். ஆட்டம் இல்லாத மாதத்திலும் அந்த வளையத்தைத் தலையில் வைத்துப் பழகினால்தான் கழுத்து தாங்கும். நிதி இல்லை என்பீர்கள். ஒருங்கிணைப்பாளருக்கு இருக்கிறதே, அந்த வேலையில் பாதியை இவருக்குக் கொடுங்கள். திரை, மேடை, எந்தப் பள்ளிக்கு எந்தப் பொம்மை என்பதெல்லாம் அவர் கையெழுத்து இல்லாமல் நடக்கக் கூடாது. நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரிய அட்டையைப் புதுப்பிக்க அவர் அலைகிறார். உங்கள் கணினியில் உட்காரும் யாராவது ஒருநாள் கூட இருந்து முடித்துக் கொடுங்கள். டெங்கு விழிப்புணர்வு ஆட்டத்தை இருபது நிமிடத்துக்குள் அடக்க வேண்டும் என்று கோமாளியை வெட்டிவிட்டீர்களே, அதையும் அவரிடம் கேட்டுவிட்டு வெட்டுங்கள். டெங்கு கொசுவைப் பற்றிச் சொல்லக் கோமாளியை விடப் பொருத்தமான ஆள் யார்?

வளையத்துக்குச் சுற்றின துணி நைந்துவிட்டது என்று போன வாரம் கடைக்கு வந்தார். பழைய வேட்டியைக் கிழித்துத்தான் சுற்ற வேண்டும், புதுத் துணி வழுக்கும். பழையதைப் பிரித்தபோது உள்பக்கம் வேர்வை உப்பு வெள்ளை வெள்ளையாய்ப் பூத்திருந்தது. அவர் மண்டையிலும் அதே அகலத்துக்கு முடி இல்லை. சும்மாடு மாதிரி நாலு சுற்று சுற்றி, மேலே தையல் போட்டுக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை, அவர் வற்புறுத்தவும் இல்லை.

அந்தக் கீழ்த் திரையைத் திருத்தித் தரச் சொல்லி அனுப்பியிருக்கிறீர்கள். கடையில் மடித்து வைத்திருக்கிறேன். அளவு மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டாம். அவரையே போன் பண்ணிச் சொல்லச் சொல்லுங்கள், அன்றைக்கே வெட்டித் தருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் டெய்லர் அண்ணா,
குடியாத்தம்