தரைவிரிப்புக்கு அடியில் இருந்தது

சிங்கப்பூர்,
ஞாயிற்றுக்கிழமை இரவு

அன்புள்ள இரத்தினம்,

இங்கு எல்லாரும் நலம். ஈப்போவில் தங்கைக்கு முழங்கால் வலி குறைந்ததா என்பதை எழுது. பேரனுக்கு என் ஆசி.

பொங்கலுக்கு நீ எழுதிய நீண்ட கடிதத்துக்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை. வேலை மிகுதி என்று சொன்னால் பொய்யாகும். உன்னிடம் சொல்லியே ஆக வேண்டிய ஒரு செய்தி பிப்ரவரி மாதத்திலிருந்து என்னிடம் இருக்கிறது. அதை எழுதாமல் வேறு எதையும் எழுத மனம் வரவில்லை, அதை எழுதவும் துணிவு வரவில்லை. நம் பழைய மோரிஸ் மைனர் காரின் தரைவிரிப்பை எடுத்துவிட்டேன்.

சனவரி மழை இந்த முறை விடாமல் பெய்தது உனக்குத் தெரியும். பழைய கார்த் திட்டத்தில் ஆண்டுக்கு 45 நாள் மட்டுமே ஓட்டக்கூடிய வண்டி என்பதால், அது பெரும்பாலும் கண்ணாடி ஏற்றப்பட்டு, உறை போர்த்தப்பட்டு, பலமாடிக் கார் நிறுத்துமிடத்தில்தான் நிற்கிறது. பிப்ரவரியில் ஒரு காலை கதவைத் திறந்ததும் ஈரச்சாக்கின் வாடை முகத்தில் அடித்தது. ஓட்டுநர் இருக்கைக்கு முன்னால் கையை வைத்து அழுத்தினேன்; விரலிடுக்கில் தண்ணீர் வந்தது. அன்று மழை நின்று நான்கு நாள் ஆகியிருந்தது.

1998இல் நீயும் நானும் ஒரே சனிக்கிழமையில் ஒட்டி முடித்த விரிப்பு அது. ஜாலான் புசாரில் வாங்கிய வீட்டுத் தரைவிரிப்பு. அடியில் ரப்பர் பூச்சு. சிவப்பு நிறம் முழுக்க முழுக்க உன் பிடிவாதம், கல்யாண மண்டப நடைபாதை என்றுதான் என் மனைவி இன்றுவரை அதைச் சொல்கிறாள். மாலைக்குள் முடித்துவிட்டு மூன்று முட்டை புரோட்டாவுக்குப் போக வேண்டும் என்று நீ அவசரப்படுத்தினாய், நானும் மறுக்கவில்லை. பழைய சணல் ஃபெல்ட் அடிவிரிப்பை உரித்தெடுக்காமல் அதன் மேலேயே பசையைத் தடவி ஒட்டினோமே, நினைவிருக்கிறதா? தவறு அங்கேதான் தொடங்கியது. முன்கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் சுருங்கிக் கசிந்த நீரும், குடையும் காலணியும் கொண்டுவந்த நீரும் சணலில் ஊறின. மேலே இருந்த ரப்பர் அந்த ஈரத்தைக் காயவிடவில்லை. இத்தனை ஆண்டுகளாகத் தரைத்தகடு நனைந்த துணிக்கு அடியில் படுத்திருந்திருக்கிறது. வண்டியை உயர்த்தி அடிப்பக்கம் பார்த்தபோதெல்லாம் கருப்புத் தார்ப்பூச்சு முழுமையாகவே தெரிந்ததால், துரு உள்ளிருந்து வெளியே வந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியவில்லை.

காக்கி புக்கிட்டில் நான் பாக்சிக் (மாமா) என்று அழைக்கும் ஒரு மலாய்க்காரரின் பட்டறையில் இருக்கைகளைக் கழற்றி, விரிப்பைப் பட்டை பட்டையாக உரித்தோம். பாக்சிக் திருப்புளியின் பிடியால் தகட்டைத் தட்டிக்கொண்டே போனார். நல்ல இடத்தில் கணீரென்று ஒலித்தது. ஓட்டுநர் காலடியில் அட்டையைத் தட்டியது போலச் சத்தமே எழவில்லை. திருப்புளியைத் திருப்பி மெல்ல அழுத்தினார். அது தரையைத் துளைத்துக்கொண்டு வெளியே போயிற்று. இந்த வண்டிக்குத் தனியாகச் சட்டகம் கிடையாது, இரத்தினம். தரையும் பக்கவாட்டுப் பெட்டிகளும் முன் இருக்கைகளுக்குக் கீழே ஓடும் குறுக்குத் தகடும் சேர்ந்துதான் அதன் எலும்பு. துரு அந்தக் குறுக்குத் தகட்டின் வலது முனையையும், ஜாக்கி செருகும் குழாயையும் தின்றிருந்தது.

இது மட்டும் என்றால் மறுநாளே உனக்கு எழுதியிருப்பேன். மிதியின் அழுத்தத்தை எண்ணெய் வழியாகச் சக்கரங்களுக்குத் தள்ளும் பிரேக் மாஸ்டர் சிலிண்டர், மைனரில் எஞ்சின் பக்கத்தில் இல்லை, ஓட்டுநரின் தரைக்கு அடியில் இருக்கிறது என்பது உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தரையில் உள்ள வட்ட ரப்பர் மூடியைத் தூக்கித்தான் பிரேக் எண்ணெய் மட்டத்தைப் பார்க்க வேண்டும். அந்த மூடியின் மேலேயும் நாம் விரிப்பை ஒட்டிவிட்டோம். பிறகு ஓரத்தில் ஒரு கீறல் போட்டுக் கையை நுழைத்துப் பார்த்துவந்தேன். அதுவும் சிரமமாக இருந்ததால் வர வர ஆண்டுக்கு ஒரு முறை, அப்புறம் அதுவும் இல்லை. ஊற்றியபோதெல்லாம் சிந்திய எண்ணெய் தரையின் வண்ணத்தைக் கரைத்து, துருவுக்கு வழி திறந்திருக்கிறது. பிப்ரவரியில் நான் மூடியைத் திறந்தபோது எண்ணெய் அடியில் மிகக் கொஞ்சமே கிடந்தது, காப்பித்தூள் நிறத்தில். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறினால் அதன் கொதிநிலை இறங்கும். சூடேறும்போது குழாய்க்குள் ஆவி உண்டானால் மிதி தரைவரை போய்விடும்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் உன் மகளை மணக்கோலத்தில் டாங்க் ரோடு கோவிலுக்கு அழைத்துப் போனது இந்த வண்டியில்தான். நான்தான் ஓட்டினேன். தங்கை பின்னிருக்கையில் அவளுடைய மாலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இதை நினைத்துப் பல இரவு தூங்கவில்லை. உன்னிடம் மன்னிப்புக் கேட்கவே இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன், கேட்டுவிட்டேன்.

இனி நல்ல செய்தி. அழுகிய தகட்டை வெட்டியெடுத்துப் புதுத் தகடு பற்றவைத்தாகிவிட்டது. குறுக்குத் தகட்டின் முனையும் புதிது. துருவைச் சுரண்டி, துரு தடுக்கும் எப்பாக்சி ப்ரைமர் இரண்டு பூச்சு அடித்து, இணைப்புகளை அடைத்து, மேலே வண்ணம் பூசினோம். மாஸ்டர் சிலிண்டரைப் பிரித்து உள்ளே உள்ள ரப்பர்களை மாற்றி, புது எண்ணெய் ஏற்றினோம். முன்கண்ணாடி ரப்பரும் மாற்றியாயிற்று. அதன் பிறகு தண்ணீர்க் குழாயை அரை மணி நேரம் கண்ணாடி மேல் பிடித்து, தரை காய்ந்தே இருந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் விரிப்பைப் பற்றி யோசித்தேன்.

அதற்கே இரண்டு மாதம் ஆனது. கம்பளியும் நைலானும் கலந்த துணிதான் இந்த வயது வண்டிக்குப் பொருத்தம் என்று ஒரு பக்கம் மனம் சொன்னது; தொட்டுப் பார்த்தால் அதற்கு ஈடில்லை. ஆனால் வாரக்கணக்கில் மூடிக் கிடக்கும் வண்டியில், நம் ஊர் ஈரக்காற்றில், கம்பளி நீரைப் பிடித்துவைக்கும். முழு நைலானை எடுத்தேன். இங்கிலாந்திலிருந்து மைனருக்கென்றே வெட்டித் தைத்த தொகுப்பு வரவழைக்கலாம். ஆனால் என் தரைக்கு நான் நினைத்த அமைப்பு அதில் வராது. தரைப்பகுதியில் பசை ஒரு துளிகூட வேண்டாம் என்று முடிவு செய்திருந்தேன். கியர்பாக்ஸ் மேட்டிலும் பக்கச் சுவர்களிலும் மட்டுமே பசை, அதுவும் வெப்பம் தாங்கும் வகை. தரைத்துண்டுகள் அழுத்துப் பொத்தானில் நிற்கும். அடியில் நீர் உறிஞ்சாத மூடிய நுரைத்தாள் சும்மா விரித்திருக்கும். மழைக்குப் பின் எல்லாவற்றையும் ஐந்து நிமிடத்தில் தூக்கிக் கொடியில் போட்டுவிடலாம்.

பழைய விரிப்பை அளவுக்கு வைத்து வெட்டக் கூடாது என்பதையும் கற்றுக்கொண்டேன். அது சுருங்கியும் இழுபட்டும் இருந்தது. தடித்த காகிதத்தைத் தரையில் அழுத்தி ஒவ்வொரு துண்டுக்கும் புதிதாக அச்சு எடுத்தேன். எல்லாத் துண்டுகளிலும் இழை ஒரே திசையில் சாய்ந்திருக்க வேண்டும். ஒன்றைத் திருப்பி வெட்டினால் வெளிச்சத்தில் அது வேறு நிறமாகத் தெரியும். இருக்கைப் போல்ட்டுக்குத் துளைபோடும்போது துளைக்கருவியை எடுத்தால் இழை அதில் சுற்றிக்கொண்டு ஒரு முழ நூலை உருவிவிடும் என்று பாக்சிக் தடுத்தார். பற்றாசு வைக்கும் சூட்டுக்கோலால் துளையிட்டோம், ஓரம் உருகிப் பிரியாமல் நின்றது. காலால் மிதிக்கும் விளக்கு சுவிட்சுக்கும், தரையிலிருந்து எழும் இரண்டு மிதிகளுக்கும் வெட்டிய இடங்களில் விளிம்பு தடுக்காதிருக்க எவ்வளவோ பார்த்தேன். ஓரங்களைச் சின் மிங்கில் ஒரு சீன மூதாட்டி தைத்துத் தந்தார். குதிகால் படும் இடத்தில் ரப்பர்த் தட்டு வைத்துத் தைத்தது அவருடைய யோசனை.

பிரேக் மூடிக்கு மேலே தனியாக ஒரு மடிப்புக் கதவு தைக்கச் சொன்னேன். ஒரு விரலால் தூக்கலாம். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு தூக்கிப் பார்க்கிறேன். இன்று காலையும் பார்த்தேன், எண்ணெய் மட்டம் அசையவில்லை.

நிறம் அடர்சாம்பல். நீ திட்டுவாய், தெரியும். உனக்காக ஓரத் தையலை மட்டும் சிவப்பில் போடச் சொல்லியிருக்கிறேன்.

ஒரு வேலை பாக்கி. தரையில் இருந்த அந்த ரப்பர் மூடி காய்ந்து வெடித்துவிட்டதால் தற்காலிகமாக ஒரு தகட்டைத் திருகி வைத்திருக்கிறேன். அந்த ஆண்டு நாம் வாங்கிய உதிரிப் பொருள்களை நீதான் பிஸ்கட் டின்னில் போட்டு ஈப்போவுக்குக் கொண்டுபோனாய். உன் மாடிப்படிக்குக் கீழே தேடிப் பார். மூடி கிடைத்தால் அஞ்சலில் அனுப்பாதே. தீபாவளிக்கு முன் தங்கையோடு வந்து உன் கையால் பொருத்து. பேருந்து நிலையத்துக்கு நானே வண்டியோடு வருகிறேன்.

அன்புடன்,
உன் செல்வம்