மைக்குக்கு முன்னால் நின்றவர்கள்

அன்பு மகளுக்கு,

போன வாரம் போனில் நீ சொன்னது மனதிலேயே கிடக்கிறது. உன்னோடு வேலை பார்க்கும் பிள்ளைகள் பழைய தமிழ்ப் படம் ஒன்றைப் பார்த்துவிட்டு, "நின்ற இடத்திலேயே நின்று பாடிக்கொண்டே இருக்கிறார்களே" என்று சிரித்தார்களாம். அவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். நீ ஒலிப்பதிவு படித்தவள் கண்ணு. ஏன் நகரவில்லை என்று உனக்காவது தெரிய வேண்டும்.

அந்தக் கால நாடகக் கொட்டகையில் மைக் ஏது? கடைசியில் மணலில் உட்கார்ந்திருப்பவர் காதிலும் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழ வேண்டும். விடிய விடிய நாடகம். சனங்கள் 'ஒன்ஸ்மோர்' கேட்டால் அதே பாட்டை மறுபடி பாட வேண்டும். சின்ன வயதிலேயே பாய்ஸ் கம்பெனியில், அதாவது சிறுவர்களே நடிக்கும் நாடகக் குழுவில் சேர்ந்து, சங்கரதாஸ் சுவாமிகள் மாதிரி வாத்தியார்களிடம் பாட்டும் வசனமும் பாடம் செய்த தொண்டைகள் அவை. 1931-ல் 'காளிதாஸ்' வந்து படம் பேச ஆரம்பித்ததும், இவர்களை விட்டால் வேறு யார் இருந்தார்கள்? அதில் நாயகியான டி.பி. ராஜலட்சுமியும் நாடக மேடையிலிருந்து வந்தவர்தான்.

பின்னணி பாடும் வழக்கம் 1930-களின் கடைசியில்தான் தமிழுக்கு வந்தது. அதுவரை கேமரா ஓட ஓட நடிகரே பாட வேண்டும். பக்கவாத்தியக்காரர்கள் கேமரா கண்ணில் படாமல் ஓரமாக உட்கார்ந்து வாசிப்பார்கள். பாடுகிறவர் மைக்கை விட்டுக் கொஞ்சம் தள்ளிப் போனால் குரல் மங்கிவிடும். தாளம் தப்பினால் பிலிமும் போச்சு, பாட்டும் போச்சு, முதலிலிருந்து எடுக்க வேண்டியதுதான். 1934-ல் வந்த 'பவளக்கொடி', தியாகராஜ பாகவதரின் முதல் படம். ஐம்பது பாட்டுக்கு மேல். அடையாறில் வெயில் வெளிச்சத்தை நம்பி எடுத்தார்கள். சாப்பாட்டு வேளையில் காக்கைகள் கூடிக் கரைந்து ஒலியைக் கெடுத்ததால், அவற்றை விரட்ட ஏர்கன்னோடு ஒருவரை நிறுத்தியிருந்தார்களாம். ஆட்டோ ஹாரனுக்காக நீ டேக்கை நிறுத்துவாயே, அதே பாடுதான்.

இன்னொன்று. அதே 1934-ல் சென்னையின் முதல் பேசும்பட ஸ்டுடியோவைத் தொடங்கிய ஏ. நாராயணனின் 'சீனிவாச கல்யாணம்' படத்துக்கு ஒலிப்பதிவு செய்தவர் அவர் மனைவி மீனா நாராயணன். இந்தியாவின் முதல் பெண் ஒலிப்பதிவாளர் என்று அவரைச் சொல்கிறார்கள். 'பொண்ணுக்கு எதுக்கு இந்த வேலை' என்று நம் சொந்தக்காரர்கள் கேட்டபோதெல்லாம் நான் அவர் பேரைத்தான் சொன்னேன்.

எனக்கு ஆறாத குறை ஒன்று உண்டு. நாடக மேடையில் பாடி நடித்துப் பேர் வாங்கிய செங்கோட்டை கிட்டப்பா ஒரு படத்திலும் நடிக்கவில்லை. படம் பேச ஆரம்பித்து இரண்டே வருஷத்தில், 1933 டிசம்பரில், 27 வயதில் போய்விட்டார். அவர் முருகனும் அவர் மனைவி, நம் கொடுமுடி சுந்தராம்பாள் வள்ளியுமாக நின்ற மேடையை இனி யாராலும் பார்க்க முடியாது. சுந்தராம்பாளுக்கு அப்போது 25 வயதுதான். அன்றிலிருந்து வெள்ளைப் புடவை. ஆண் நடிகர்களோடு ஜோடி சேர்ந்து நடிக்க மாட்டேன் என்று இருந்துவிட்டார். 1935-ல் 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாராகவே வேஷம் கட்டினார். சம்பளம் ஒரு லட்சம். அந்தக் காலத்து ஒரு லட்சம்! அதைவிட, அவ்வளவு துக்கத்துக்குப் பிறகும் பாட வந்தாரே, அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

கிட்டப்பாவின் கிராமபோன் ரெக்கார்டுகள் இருக்கின்றன. ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடச் சொச்சம்தான் இடம். மேடையில் ராகத்தை ஆசை தீர விரித்துப் பாடியவர், அந்தச் சின்ன இடத்துக்குள் வள்ளலாரின் 'கோடையிலே இளைப்பாற்றிக்கொள்ளும்' விருத்தத்தைப் பாடியிருக்கிறார். இணையத்தில் கிடைக்கும். உன் நல்ல ஹெட்போனில் கேள். இரைச்சலைச் சுத்தம் செய்ய உடனே கை வைக்காதே. முதலில் அப்படியே கேள். அப்புறம் 1953-ல் வந்த 'ஔவையார்' படத்தில் சுந்தராம்பாளையும் கேள்.

மேல் ஸ்தாயியில் சுந்தராம்பாள் எங்கே மூச்சு வாங்குகிறார் என்று எனக்குப் பிடிபடவே இல்லை. உனக்குக் கேட்டால் எந்த இடம் என்று குறித்து அனுப்பு. அம்மா விசாரித்தாள். வேளாவேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அப்பா