யாருக்காக எழுதுகிறாய் மக்களே?

தக்கலை,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மக்களே,

நேற்று ஃபோனில் உன் குரல் இறங்கியிருந்தது. ஹெச்.ஆர். வேலையை விட்டு, ஆட்களுக்கு வழிகாட்டுகிற கோச்சிங் தொழில் படிச்சு, சர்டிஃபிகேட்டும் வாங்கி, வேலை விஷயம் பேசுகிற லிங்க்ட்இன் தளத்தில் நாள் தவறாமல் எழுதியும் காசு கொடுத்து வருகிற ஆள் ஒருத்தர்கூட இல்லை என்றாய். அப்பா "பழைய வேலைக்கே போகச் சொல்லு" என்கிறார். எனக்கு அதில் சம்மதம் இல்லை. நீ இதுவரை எழுதினதை எல்லாம் தம்பியின் ஃபோனில் உட்கார்ந்து படிச்சேன். தொழில் உன் கையில் இருக்கிறது. ஆனால் இது யாருக்கு என்று கேட்டால், உன் எழுத்தில் பதில் இல்லை.

உன் பெயருக்குக் கீழே இருக்கிற வரியையே எடு. "உள்ளாற்றலைத் திறக்கும் மாற்றப் பயிற்சியாளர், ஐ.சி.எஃப்., ஏ.சி.சி." என்று போட்டிருக்கிறாய். ஐ.சி.எஃப். என்கிற உலகக் கோச்சிங் அமைப்பு தருகிற ஏ.சி.சி. தகுதியை வாங்க 60 மணி நேரப் படிப்பும், 100 மணி நேரம் ஆட்களோடு உட்கார்ந்து பேசின கணக்கும் வேணும் என்று நீ சொல்லித்தான் எனக்கே தெரியும். வெளியே இருக்கிறவளுக்கு அது வெறும் மூணு எழுத்து. அதை உள்ளே, உன்னைப் பற்றிச் சொல்கிற பகுதியில் விவரமாக எழுதிக்கொள், 2,600 எழுத்து வரை இடம் இருக்கிறதாம். மேலே இருக்கிற வரிக்கு 220 எழுத்துதான். அதுவும் நீ யாருடைய போஸ்ட்டில் கமெண்ட் போட்டாலும் உன் பெயரோடு அந்த வரியின் முதல் சில வார்த்தைகள்தான் தெரியும். அங்கே இப்படி எழுது: "பிள்ளை வளர்க்க வேலையை விட்ட ஐ.டி. பெண்கள் திரும்ப வேலைக்குப் போக வழிகாட்டுகிறேன். ஹெச்.ஆரில் ஆள் எடுத்த அனுபவம்." சம்பந்தப்பட்டவள் படிச்ச உடனே "இது எனக்கு" என்று நிற்பாள்.

ஏன் இந்தப் பெண்கள் என்று கேட்பாய். 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே நம்ம கன்னியாகுமரி மாவட்டம்தான் முதல், 91.75 சதவீதம். நான் மாசாமாசம் ஆர்.டி. என்கிற மாதச் சேமிப்புப் பணம் வாங்கப் படி ஏறுகிற வீடுகளில் பி.ஈ., எம்.சி.ஏ. முடிச்ச பெண்கள் எத்தனை பேர்! பீரோவில் சர்டிஃபிகேட், இடுப்பில் பிள்ளை. "பிள்ளை ஸ்கூல் போகத் தொடங்கட்டும் அக்கா" என்பார்கள். பிள்ளை ஸ்கூல் போய்விடும், இவள் அப்படியே நிற்பாள். திறமை இல்லாமல் இல்லை. அஞ்சு வருஷம் எங்கே போனது என்று கேட்டால் என்ன சொல்ல என்கிற பயம். பெங்களூரிலும் சென்னையிலும் இருக்கிற பெண்களுக்கும் இதே பயம்தான். அந்தக் கேள்வியை மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டவள் நீ. என்ன பதில் சொன்னால் எடுப்பார்கள், எதைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள் என்று உனக்குத் தெரிகிற மாதிரி வேறு யாருக்குத் தெரியும்? அதை விட்டுவிட்டு, காலை அஞ்சு மணிக்கு எழுந்தால் வெற்றி என்று எழுதிக்கொண்டிருக்கிறாய். கைப்பிள்ளைக்காரி அஞ்சு மணிக்கு என்ன, ராத்திரி முழுக்க எழுந்துதான் இருக்கிறாள் மக்களே.

2022இல் லிங்க்ட்இன்னே, வேலையில் இடைவெளி விட்டதைப் புரொஃபைலில் தனியாகக் காட்ட "கேரியர் பிரேக்" என்று ஒரு இடம் கொடுத்திருக்கிறது. அதை எப்படி நிரப்புவது, என்ன எழுதினால் தேவையில்லாத மன்னிப்பு கேட்கிற மாதிரி ஆகிவிடும் என்று ஒரு போஸ்ட் போடு. மாதிரிக்கு இரண்டு வரி எழுதிக் காட்டு. முதல் இரண்டு மூன்று வரிதான் வெளியே தெரியும், மீதியைத் தொட்டுத் திறந்துதான் படிக்கணும். அதனால் வணக்கத்திலும் பொன்மொழியிலும் அந்த இடத்தைத் தொலைக்காதே, அவளுடைய கேள்வியிலேயே தொடங்கு. நடுநடுவே தமிழிலும் எழுது. இங்கிலீஷாக ஓடுகிற இடத்தில் தமிழைக் கண்டால் நம்ம ஊர்ப் பெண்ணின் விரல் கொஞ்சம் நிற்கும்.

இன்னொன்று மனசைச் சங்கடப்படுத்தினது. கனெக்‌ஷனை ஏத்துக்கொண்ட அன்றைக்கே மூன்று மாத புரோகிராம், ஃபீஸ், சலுகை என்று மெசேஜ் அனுப்புகிறாயாமே. புது வீட்டுப் படியில் நின்று முதல் வார்த்தையிலேயே நான் ஆர்.டி. ஃபாரம் நீட்டினது கிடையாது கேட்டியா. மாசாமாசம் 60 மாதம் பணத்தை என் கையில் தரப்போகிறவர்கள், முதலில் என்னைப் பார்க்கணும், பேசணும், பக்கத்து வீட்டில் விசாரிக்கணும். உனக்கும் அப்படித்தான். அவள் போட்ட போஸ்ட்டைப் படி, அதிலிருந்து ஒரே ஒரு விஷயத்தைக் கேள். "இரண்டு இண்டர்வியூவில் கடைசிச் சுற்றில் நின்னுபோச்சு என்று எழுதியிருந்தீங்க. சம்பளப் பேச்சிலா, அதுக்கு முன்னாலேயா?" என்று கேட்டால் பதில் வரும். பதில் வந்தால் உதவியாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டு விடு. பேச்சு வளர்ந்து, அவளுக்கு ஆள் துணை வேணும் என்று உனக்கே பட்டால் அப்போது அரை மணி நேரம் இலவசமாகப் பேசலாம் என்று கூப்பிடு. அந்தப் பேச்சின் முடிவில் ஃபீஸைத் தயங்காமல் சொல். காசு விஷயத்தில் நீ இழுத்தால் அவளுக்குச் சந்தேகம் வரும்.

"90 நாளில் வேலை நிச்சயம்" என்று ஒரு போஸ்ட்டில் இருந்தது. அதை இன்றைக்கே எடுத்துவிடு. விசா ஏஜென்ட் பேச்சை நம்பி நகையை வித்த குடும்பம் நம்ம பக்கம் எவ்வளவு! வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்க 1983ஆம் வருஷத்துச் சட்டப்படி அரசாங்கப் பதிவு வேணும். நீ அந்தத் தொழிலே செய்யவில்லை, ஆனால் உன் வரியைப் படிக்கிற நம்ம ஊர்க்காரர்களுக்கு அந்த ஞாபகம்தான் வரும். வேலை கொடுக்கிறது கம்பெனி. நீ ஆளைத் தயார்படுத்துகிறாய், அதை மட்டும் சொல்.

உன்னிடம் பேசினவர்கள் கதையை எழுதும்போதும் கவனம் வேணும். பெயர் போடவில்லை, சரி. ஆனால் "குளச்சல், இரட்டைப் பிள்ளைகள், பழைய கம்பெனி வங்கி சாஃப்ட்வேர்" என்று எழுதினால் குளச்சலில் யாருக்குத் தெரியாது அது யார் என்று? ஒரு வீட்டில் எவ்வளவு போடுகிறார்கள் என்று அடுத்த வீட்டில் நான் வாய் திறந்தால் என் தொழில் அன்றோடு போச்சு. அவளிடம் கேட்டு, அவள் படிச்சுப் பார்த்துச் சரி என்ற பிறகு போடு. தயங்கினால் விட்டுவிடு.

தெரியாதவர்களுக்கே எழுதிக்கொண்டு, தெரிஞ்சவர்களை ஏன் விட்டாய்? பழைய ஆபீஸில் உன்னோடு இருந்து இப்போது நாலு கம்பெனிகளில் இருக்கிறவர்கள் உண்டுமே. லிங்க்ட்இன்னில் 2 கோடிப் பேரை வைத்துச் செய்த ஆராய்ச்சி ஒன்று 2022இல் வந்ததாம், மாப்பிள்ளை அனுப்பியிருந்தார். புது வேலைக்கு வழி திறப்பதில் ரொம்ப நெருங்கினவர்களைவிட ஓரளவு பழக்கம் உள்ளவர்கள்தான் அதிகம் உதவுகிறார்கள் என்று அதில் கண்டிருக்கிறார்கள். அது வேலை தேடுகிறவர்களைப் பற்றினதுதான். ஆனால் என் ஆர்.டி. புஸ்தகத்தில் பாதிப் பெயர் அப்படி வந்ததுதான். சொந்தக்காரர்கள் கொடுத்தது கொஞ்சம், ஒரு வீட்டுக்காரி தன் தங்கச்சியின் நாத்தனாரிடம் சொல்லி வந்ததுதான் நிறைய.

அதனால் இந்த வாரம் புது போஸ்ட் எதுவும் வேண்டாம். மேல் வரியை மாத்து. பிறகு உன் பழைய மேனேஜர் அக்காவுக்கு எழுது. பிரசவ விடுப்பு முடிஞ்சு வந்த பெண்களுக்கு நீ அங்கே எப்படித் துணையாக இருந்தாய் என்பதைப் பற்றி ஒரு ரெக்கமண்டேஷன் எழுதித் தரச் சொல். சும்மா "எழுதித் தாங்க" என்றால் "நல்ல பெண், கடின உழைப்பாளி" என்றுதான் வரும். எதைப் பற்றி வேணும் என்று நீயே சொல்லிக் கேட்கணும். அவர் குழுவில் இப்போது யாராவது வேலையை விட யோசிக்கிறார்களா என்பதையும் அப்படியே விசாரி.

வாடகைக்கு இந்த மாதம் முடை என்றால் அப்பாவிடம் போகாதே, என்னிடம் சொல்.

அம்மா