மறுப்புக் கடிதத்தைப் பெட்டியில் பூட்டி வைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முன்னாள் படைவீரர்களின் குறைகள் பற்றிய உங்கள் கட்டுரையில் கேன்டீன் அட்டைக்கு ஒரு பத்தி கிடைத்தது, பணியால் உடல் பழுதானவருக்குத் தரும் ஊன ஓய்வூதியத்துக்கு ஒரு வரிதான். மீதியை நான் சொல்கிறேன்.

பீரங்கிப் படையில் 24 ஆண்டுகள் இருந்தேன். 155 மி.மீ. குண்டு ஒன்று 40 கிலோவுக்கு மேல் இருக்கும். தூக்கித் தூக்கி இடுப்பு ஜவ்வு விலகி நரம்பை அழுத்துகிறது. உசிலம்பட்டியிலிருந்து மதுரைக்கு பஸ்ஸில் வரும்போது காலி சீட் இருந்தாலும் நின்றுகொண்டே வருவேன். உட்கார்ந்தால் இடுப்பிலிருந்து குதிகால் வரை கரண்ட் இறங்கும். "ஆளு நல்லாத்தானே இருக்காரு" என்பார்கள். எலும்பு முறிந்திருந்தால் மாவுக்கட்டாவது தெரியும்.

2017-ல் ஓய்வு பெறும்போது ராணுவ டாக்டர்களின் மெடிக்கல் போர்டு ஊனம் 20 சதவீதம், ஆயுளுக்கும் என்று எழுதியது. அடுத்த வரியிலேயே, பணியால் வந்ததும் இல்லை, பணியால் கூடியதும் இல்லை என்றது. வலி தொடங்கியபோது நான் சண்டையில்லாத அமைதிப் பகுதியில் இருந்தேனாம், அதுதான் காரணம். அங்கே மட்டும் குண்டு பஞ்சாலா செய்திருந்தது?

ஊன ஓய்வூதியம் கிடையாது என்று ஆங்கிலத்தில் கடிதம் வந்தது. அரசே சொல்லிவிட்டது, சரி என்று டிரங்குப் பெட்டியில் போட்டேன். அங்கேதான் தப்பு செய்தேன். முதல் மேல்முறையீட்டுக்கு 6 மாதம்தான் கெடு. பெட்டியில் அது 4 வருடம் கிடந்தது.

அப்புறம் ஒரு பழைய சுபேதார் அண்ணன்தான் விவரம் சொன்னார். படையில் சேர்ந்தபோது மருத்துவப் பதிவில் இல்லாத நோய் பிறகு வந்தால், அது பணியால் வந்தது என்றே முதலில் கொள்ள வேண்டும். இல்லை என்றால் போர்டு காரணம் காட்ட வேண்டும் என்று தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013-லேயே சொல்லியிருக்கிறது. நான் சேர்ந்தபோது ஒரு குறையும் எழுதவில்லை. ராம் அவதார் வழக்கின் 2014 தீர்ப்புப்படி, பணிக்காலம் முடித்து வந்தவருக்கும் 20 சதவீதத்தை 50 ஆகக் கணக்கிட வேண்டும். 100 சதவீத ஊனத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். அப்படியானால் எனக்குச் சம்பளத்தில் 6 சதவீதம் அல்ல, 15 சதவீதம்.

தாமதமாக அனுப்பிய மேல்முறையீடும் ஒரு வரியில் திரும்பி வந்தது. இப்போது சென்னையில் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தில் மனு நிலுவையில் இருக்கிறது. பெரியாஸ்பத்திரியில் எடுத்த நரம்புப் பரிசோதனை அறிக்கையையும் சேர்த்திருக்கிறேன். ஜெயித்தாலும், தாமதமாகப் போனவனுக்கு நிலுவைத் தொகை பொதுவாக 3 ஆண்டுக்குத்தான். பெட்டிக்குள் போன வருடங்கள் போனதுதான்.

மறுப்புக் கடிதத்தோடு தமிழில் ஒரு தாள் வைக்க அரசுக்குச் சொல்லுங்கள். எங்கே மேல்முறையீடு செய்வது, எத்தனை நாளுக்குள் என்று இருந்தால் போதும். எங்கள் ஊர்ப் பக்கம் வீட்டுக்கு வீடு பட்டாளத்து ஆள் உண்டு. எத்தனை டிரங்குப் பெட்டியில் இப்படிக் கடிதம் கிடக்கிறதோ.

– முன்னாள் ஹவில்தார்,
உசிலம்பட்டி.