சங்கு ஊதாத தறி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இன்றைய இளைஞர்களுக்கு உழைப்பென்றாலே கசக்கிறது என்ற பொருளில் தங்கள் நாளிதழில் சில வாரங்களாக வெளிவரும் வாசகர் கடிதங்களைத் தொடர்ந்து படித்து வருகிறேன். எழுதியவர்களில் பெரும்பாலோர் என் வயதை ஒட்டியவர்கள் என்று தெரிகிறது. நான் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் 43 ஆண்டுகள் பட்டு நெய்தவன். இப்போது 68 வயதாகிறது. முழங்கால் தேய்ந்துபோனதால் 2017-இல் தறிக்குழியை, அதாவது நெசவாளர் கால்களை இறக்கி உட்காரும் குழியை, விட்டு எழுந்தேன். ஆறேழு ஆண்டுகளுக்கு முன்பு இந்தக் கடிதங்களைப் படித்திருந்தால், ஒவ்வொன்றையும் கத்தரித்து என் மகன் கண்ணில் படும்படி சுவரில் ஒட்டியிருப்பேன். இன்று அவற்றை அப்படியே ஏற்க முடியாமல் இருப்பதற்கு ஒரு கூட்டல் கழித்தல் கணக்குதான் காரணம்.

என் மகன் டிப்ளமா படித்துவிட்டு ஒரகடம் பகுதியில் வாகன உதிரிபாகம் செய்யும் ஓர் ஆலையில் வேலை பார்க்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவனுடைய மேற்பார்வையாளர் தொலைபேசியில் அழைத்தார். அவன் யாரென்று பார்த்துவிட்டுத் தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. முதலாளி வீட்டிலிருந்து ஆள் வந்தால் கையில் எடுத்த சோற்றை வைத்துவிட்டு எழுந்து போனவன் நான். நாங்களெல்லாம் நேரம் பார்த்தா உழைத்தோம் என்று கேட்டேன். அவன் வாதாடவில்லை. நான் கடைசியாக நெய்த சேலைக்கு என்ன கூலி வாங்கினேன் என்று மட்டும் கேட்டான்.

அது இருபுறமும் கரை வைத்த கோர்வைச் சேலை. கூலி 6,500 ரூபாய். நெய்து முடிக்க 15 நாட்கள் ஆயின. நான் நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் தறியில் இருந்தேன். கோர்வைச் சேலையை ஒருவரால் நெய்ய முடியாது என்பது நெசவுத் தெருக்காரர்களுக்குத் தெரியும். எதிர்ப்பக்கக் கரைக்கு நாடா (குறுக்கிழையைக் கொண்டு ஓடும் கட்டை) போட இன்னோர் ஆள் வேண்டும். பக்கத்து வீட்டுப் பெண்மணி ஒருவர் நாளுக்கு எட்டு மணி நேரம் உட்கார்ந்தார். அவருக்கான பணமும் அந்த 6,500-க்குள்தான் அடங்கியது. என் மனைவி தார் சுற்றுவது (நாடாவுக்குள் வைக்கும் குச்சியில் நூல் சுற்றுவது), அறுந்த இழை எடுத்துத் தருவது என்று நாளுக்கு நாலு மணி நேரமாவது இதில் செலவிட்டிருப்பார். மூவருக்குமாக 330 மணி நேரம். மகன் வகுத்துப் பார்த்துவிட்டு, ஓர் ஆளுக்கு மணிக்கு இருபது ரூபாய்கூட வரவில்லை என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டான். 43 ஆண்டுகளில் ஒரு நாளும் நான் போடாத கணக்கு அது. ஏன் போடவில்லை என்ற கேள்வி அன்றிலிருந்து என்னை விடவில்லை.

எங்களுக்குச் சேலைக்கு இவ்வளவு என்றுதான் கூலி. பாவும் (தறியில் நீளவாட்டில் கட்டும் இழைகள்) பட்டும் ஜரிகையும் முதலாளி கொடுப்பார். நெய்து கொண்டுபோனால் பணம். விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்தேனா, பகல் பத்து மணிக்குத் தறியில் இறங்கினேனா என்பதை யாரும் கேட்கப் போவதில்லை. அது சுதந்திரம் போலத் தோன்றியது. சில நாட்கள் சுதந்திரமாகவும் இருந்தது. ஆனால் ஐப்பசி மழையில் தறிக்குழிக்குள் தண்ணீர் ஊறிவிட்டால் கூலி இல்லை. காய்ச்சலில் படுத்தால் கூலி இல்லை. பாவு வரத் தாமதமானாலும் இல்லை. பிள்ளையின் படிப்புக்கும் தங்கையின் திருமணத்துக்கும் வாங்கிய முன்பணம் வேறு தலைமேல் நின்றது. அப்படிப்பட்டவன் இருட்டோடு எழுந்து உட்காருவதைச் சுறுசுறுப்பு என்று மட்டும் சொல்லிவிட முடியுமா? கூலி வாங்கும் முறையே எங்களை எழுப்பிவிட்டது. அதை நாங்கள் எங்கள் குணம் என்று எண்ணிப் பெருமைப்பட்டுக்கொண்டோம்.

இதற்கு என் வீட்டிலேயே ஒரு சாட்சி உண்டு. என் தாய்மாமன் சென்னையில் ஒரு பஞ்சாலையில் வேலை பார்த்தார். வைகாசிக் கருட சேவைக்கு ஆண்டுதோறும் ஊருக்கு வருவார். ஆலைச் சங்கு ஊதியதும் கையிலிருப்பதை அப்படியே போட்டுவிட்டு வந்துவிடுவோம் என்று அவர் திண்ணையில் உட்கார்ந்து சொல்லும்போது, என் தந்தையார் சிரித்துக்கொண்டே, "மச்சானுக்கு உடம்பு வணங்காது" என்பார். இருவருக்கும் ஒரே வயது. இருவரும் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர்கள். ஒருவருக்கு நேரத்துக்குச் சம்பளம். மற்றவருக்குச் சேலைக்குக் கூலி. மாமன் நேரத்தை எண்ணினார், தந்தையார் எண்ணவில்லை. இன்று என் வயதுக்காரர்கள் தங்கள் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லும் அதே குறையை, என் தந்தையார் தம் வயதுடைய ஒருவரைப் பற்றி ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே சொல்லியிருக்கிறார். ஆகவே இதைத் தலைமுறைக் கோளாறு என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

நேரத்தை எண்ணுவது இந்தக் காலத்துப் பிள்ளைகள் கண்டுபிடித்த பழக்கமும் அல்ல. 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியபோது, பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளர்கள் முன்வைத்த குறைகளில் மதிய உணவு இடைவேளை போதவில்லை என்பதும் ஒன்று. 1923 மே 1 அன்று சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் நாட்டிலேயே முதன்முறையாக மே தினத்தைக் கொண்டாடினார். எட்டு மணி நேர வேலை என்ற கோரிக்கையிலிருந்து பிறந்த நாள் அது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம், நாளொன்றுக்கு 9 மணி நேரம் என்று வரம்பு கட்டி, அதற்கு மேல் வாங்கும் வேலைக்கு இரட்டிப்பு ஊதியம் என்றும் விதித்தது. இவற்றைப் பெற்றுத் தந்தவர்கள் நம் தாத்தாக்கள். அவர்களைச் சோம்பேறிகள் என்று தங்கள் பத்திரிகைக்குக் கடிதம் எழுதியவர் எவரும் சொல்ல மாட்டார். வீட்டுக்குள் கிடந்த எங்கள் தறிக்கு மட்டும் அந்தச் சங்கு கேட்கவில்லை.

2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நிறுவனர்களில் ஒருவரான நாராயணமூர்த்தி இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 தொடக்கத்தில் எல் அண்ட் டி நிறுவனத் தலைவரின் 90 மணி நேரப் பேச்சு வெளியாகி விவாதமானது. தங்கள் வாசகர் ஒருவர் இதை மேற்கோள் காட்டி மகிழ்ந்திருக்கிறார். நிறுவனத்தைத் தொடங்கி நடத்துகிறவருக்கு உழைப்பின் மிச்சமும் அவர் கணக்கிலேயே போய்ச் சேரும். மாதச் சம்பளக்காரருக்கு அப்படியல்ல. இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

எங்கள் மாவட்டத்திலேயே நடந்ததைச் சொல்கிறேன். 2024 செப்டம்பர் 9 தொடங்கி 37 நாட்கள், சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். தொழிற்சங்கத்தை ஏற்க வேண்டும், ஊதியத்தை உயர்த்த வேண்டும், வேலை நேரத்தைச் சீராக்க வேண்டும் என்றெல்லாம் கேட்டார்கள். எங்கள் தெருவில் தேநீர் குடிக்க உட்கார்ந்த பெரியவர்கள், வேலை செய்ய வலிக்கிறது இவர்களுக்கு என்றார்கள். நானும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு மாதத்துக்கு மேலாகச் சம்பளம் இல்லாமல் பந்தலில் உட்காருவது உடம்பு வணங்காதவனால் ஆகிற காரியமா என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

எங்களைப் போலவே நேரம் பார்க்காமல் உழைக்கும் இளைஞர்களும் இருக்கிறார்கள். இரவு பதினொரு மணிக்கு முதுகில் பெட்டியைக் கட்டிக்கொண்டு உணவு கொண்டுவந்து தருகிற பையன்களைத்தான் சொல்கிறேன். கொண்டுபோய்ச் சேர்க்கிற ஒவ்வோர் உணவுக்கும் இவ்வளவு என்று அவர்களுக்குப் பணம். மழையில் வண்டி ஓட்டாவிட்டால் பணம் இல்லை. காத்திருக்கும் நேரத்துக்குக் கூலி இல்லை. பெட்ரோலும் வண்டியும் அவர்களுடையவை, தறியும் குழியும் எங்களுடையவையாக இருந்தது போல. இத்தகையவர்களுக்கென்று தமிழக அரசு 2023-இல் ஒரு நலவாரியம் அமைத்தது. அந்தப் பையனிடம் பொட்டலத்தை வாங்கி வைத்துக்கொண்டு, இளைஞர்கள் உழைப்பதில்லை என்று கடிதம் எழுத உட்காருவது எனக்குச் சற்றுக் கூச்சமாக இருக்கிறது.

காந்தி சாலைப் பட்டுக் கடைகளில் நான் நெய்த சேலைகளை விரித்துக் காட்டிய பெண்கள் நாள் முழுவதும் நின்றுகொண்டே இருந்ததைப் பல ஆண்டுகள் பார்த்திருக்கிறேன். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-இல்தான் நம் சட்டமன்றம் சட்டத் திருத்தம் செய்தது. நான் உட்கார்ந்து நெய்ததை அவர்கள் நின்று விற்றார்கள் என்பது அதுவரை என் மனத்தில் தைக்கவே இல்லை.

இளைஞர்கள் மீது எனக்குக் குறையே இல்லையா? ஒன்று உண்டு, அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். பின்னிரவில் ஓர் இழை அறுந்து, அதைக் கவனிக்காமல் நாலு விரற்கடை நெய்துவிட்டால், அந்த நாலு விரற்கடையையும் பிரித்து, இழையைப் பிணைத்து, மறுபடி நெய்வோம். கூலி ஒரு பைசா கூடாது. சேலை கட்டுகிறவர் கண்ணிலும் அந்தப் பழுது பட்டிருக்காது. அப்படிப் பிரித்த இரவுகளை நான் எண்ணுவதுமில்லை, அவற்றுக்காக வருந்துவதுமில்லை. என் மகனிடம் இதைச் சொன்னபோது, பழுது இருந்தால் தரச்சோதனையில் பிடித்துவிடுவார்கள் என்றான். அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை. ஆனால் அதே பிள்ளை, தாத்தாவின் பழைய மோட்டார் சைக்கிளை மூன்று இரவுகள் தூங்காமல் கழற்றிப் பூட்டியதையும் பார்த்தேன். அதற்கு யாரும் சம்பளம் தரவில்லை. பழுதைப் பொறுக்காத மனம் அவனிடமும் இருக்கிறது. வண்டி அவனுடையது, ஆலையில் ஓடுகிற பொருள் அவனுடையது அல்ல. சேலையும் என்னுடையது அல்லதான். ஆனாலும் என் கையிலிருந்த பதினைந்து நாளும் அது என்னுடையது என்றே நினைத்தேன். நாளுக்கு ஆயிரம் முறை ஒரே திருகை முடுக்குகிறவனுக்கு அந்த நினைப்பு வர வழியுண்டா என்று எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 2009-10 கைத்தறிக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் சுமார் 43 லட்சமாக இருந்த கைத்தறித் தொழிலாளர்கள், 2019-20 கணக்கெடுப்பில் 35 லட்சமாகக் குறைந்துவிட்டார்கள். இளைஞர்கள் தறியில் உட்கார மறுக்கிறார்கள் என்று இதற்குக் காரணம் சொல்கிறோம். என் வீட்டில் நடந்தது வேறு. மகன் பத்து வயதில் ஆசையாகத் தறியில் ஏறியபோது, போய்ப் படி, இந்தப் பக்கம் வராதே என்று விரட்டியவன் நான். மகளை விரட்டவில்லை. பள்ளி விட்டு வந்ததும் கோர்வைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்தவள் அவள்தான். ஒன்பது வயதிலிருந்து திருமணமாகும் வரை. அவளுக்கு நான் ஒரு ரூபாய்கூடக் கூலி கொடுத்ததில்லை. அது கூலிக்குரிய வேலை என்றே எனக்குத் தோன்றவில்லை. நான் கடுமையாக உழைத்தேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்ததில் அவளுடைய மாலைப் பொழுதுகளும் சேர்ந்திருக்கின்றன. தங்கள் பத்திரிகையில் இந்தப் பொருளைப் பற்றி எழுதியவர்களில் ஒரு பெண்ணும் இல்லை என்பதைத் தாங்கள் கவனித்திருக்கலாம்.

அனுப்புவதற்கு முன் இந்தக் கடிதத்தை என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். தார் சுற்றியதை நாலு மணி நேரம் என்று எழுதியிருக்கிறீர்களே, மூன்று வேளையும் சோறு ஆக்கிப் போட்டதை எதில் சேர்த்தீர்கள் என்று கேட்டார். எதிலும் சேர்க்கவில்லை. 330 மணி நேரம் என்று மேலே எழுதியிருப்பது உண்மையைவிடக் குறைந்த கணக்கு என்றே தாங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நெசவாளர் ஒருவர்,
பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்.