தருமனின் நாலு நிமிஷம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. முட்டிவலி தேவலையா? "மறுபடி சிகரெட்டைத் தொட்டுவிட்டேன்டா" என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாயே, அதற்கு என்ன பதில் எழுதுவதென்று தெரியாமல்தான் இத்தனை தாமதம். புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. எங்கள் வீட்டு லாப்ரடார் நாயின் கதையைச் சொல்கிறேன், கேள்.

தருமன் என்று பேர் வைத்தது என் மகள். பேர் பலித்துவிட்டது. பரம சாது, ஆனால் சூதுக்குக் கூப்பிட்டால் மட்டும் எழுந்து போய்விடுவான். இவனுக்குச் சூது என்பது சாப்பாடு.

போன ஞாயிற்றுக்கிழமை பேரன் பாதி பிஸ்கட்டைத் தட்டோடு டீப்பாயில் வைத்துவிட்டு விளையாடப் போய்விட்டான். சரியாகத் தருமனின் மூக்கு உயரம். "வேணாம், படு" என்று சொல்லிவிட்டுக் கதவிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். படுத்தான். தட்டைப் பார்த்தான். பிறகு முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டான். காது மட்டும் தட்டின் பக்கமே நின்றது, வாயோரத்திலிருந்து எச்சில் நூலாக இறங்கியது. பெருமூச்சு ஒன்று விட்டான். அப்புறம் வயிற்றால் ஊர்ந்து ஒரு சாண் முன்னே வந்தான். படு என்றுதானே சொன்னார், படுத்துக்கொண்டுதானே இருக்கிறேன் என்ற கணக்கு! மறுபடி சுவர், மறுபடி ஒரு சாண். நாலு நிமிஷம் தாங்கினான். நான் கைதட்டலாமா என்று யோசிப்பதற்குள் பிஸ்கட்டைக் காணோம். இதில் வேடிக்கை என்னவென்றால், விழுங்கிய கையோடு பழைய இடத்துக்கே போய் அதே மாதிரி படுத்துக்கொண்டுவிட்டான்.

நான் உள்ளே வந்ததும் காதை மடக்கி, வாலை ஒடுக்கி ஒரு முழி முழித்தான். அதைக் குற்ற உணர்ச்சி என்றுதான் இத்தனை வருஷமாக நினைத்திருந்தேன். 2009-இல் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் 14 நாய்களை வைத்துச் சோதித்துப் பார்த்திருக்கிறார். அந்த முழி தப்பு செய்ததால் வருவதில்லை, நாம் திட்டுவதால் வருகிறது. தின்னாமல் சொன்ன பேச்சைக் கேட்ட நாயைத் திட்டினால் இன்னும் அதிகமாக வந்ததாம். போன வருஷம் பேரன் தின்ற கேக்குக்கு இவனை அதட்டினேனே, அன்றும் இதே முழிதான். படித்ததிலிருந்து மனசு உறுத்துகிறது.

இன்னொன்றும் படித்தேன். லாப்ரடார்களில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்குப் பசி அடங்குவதோடு சம்பந்தப்பட்ட ஒரு மரபணுவில் ஒரு துண்டே இல்லையாம். கேம்பிரிட்ஜ்காரர்கள் 2016-இல் கண்டுபிடித்தது. ஊனமுற்றோருக்கு உதவப் பழக்கும் லாப்ரடார்களில் அவர்கள் பார்த்தவற்றில் முக்கால்வாசிக்கு அந்தக் குறை இருந்திருக்கிறது. சாப்பாட்டு ஆசைதான் அதுகளைச் சீக்கிரம் பழக வைக்கிறதோ என்று அவர்களுக்கே ஒரு சந்தேகம். தருமனுக்கு அது உண்டா என்று நான் சோதிக்கவில்லை. தெரிந்து என்ன ஆகப்போகிறது?

இப்போது திட்டுவதை விட்டுவிட்டேன். டீப்பாய் காலி, குப்பைக்கூடைக்கு மூடி, சாக்லேட் அலமாரி உச்சியில். அது நாய்க்கு விஷம் என்பதால் அதில் மட்டும் விளையாட்டே கிடையாது. தினமும் உள்ளங்கையில் ஒரு துணுக்கை மூடி வைத்துக்கொண்டு பழக்குகிறேன். மூக்கை விலக்கினால் மறுகையிலிருந்து அதைவிட நல்லதாக ஒன்று. மூன்று விநாடியில் ஆரம்பித்தோம், இப்போது ஒரு நிமிஷம் தாங்குகிறான். ஏதாவது சத்தம் கேட்டால் எல்லாம் போச்சு, திரும்ப மூன்றிலிருந்து.

நீ இன்னும் பெட்டியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேதான் "விடுகிறேன் விடுகிறேன்" என்கிறாயா? அது உன் மூக்கு உயரம்டா. முதலில் அதை வெளியே எடுத்துப் போடு. எத்தனை நாள் தாங்கினாய் என்று மட்டும் எழுது, தவறிய கணக்கு எனக்கு வேண்டாம்.

இதை எழுதும்போது பக்கத்தில் ஒரு ரொட்டித் துண்டு இருக்கிறது. தருமன் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். சீக்கிரம் முடிக்கிறேன், பாவம்.

உன்,
பழைய பெஞ்சுக்காரன்